ஐஸ் போட்டுச் சாயம் செய்வதும் குழாயில் சாயம் செய்வதும்

குஜராத்தில் வாபி, அங்கலேஷ்வர் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு சின்னச் சாய ஆலைக்குள், அதுவும் சித்திரை வைகாசி வெயிலில் போனால், சாயத்தைவிட முதலில் கண்ணில் படுவது ஐஸ்தான். சாக்கு போர்த்திய பாளம் பாளமான ஐஸ் டெம்போவில் வந்து இறங்கும். கிரஷரில் போட்டு உடைப்பார்கள், மேன்ஹோலைத் திறந்து, வினை நடக்கும் தொட்டியான ரியாக்டருக்குள் நேராகக் கொட்டுவார்கள். வெளியே ஜாக்கெட்டில் (தொட்டியைச் சுற்றியிருக்கும் உறையில்) குளிர்நீர் ஓடவிட்டால் போதாதா என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். போதாது. ஏன் போதாது என்பதில்தான் நான் சொல்ல வரும் சங்கதி முழுக்க இருக்கிறது.

ஐஸ் வருவது டயசோடைசேஷன் என்கிற ஒரே வேலைக்காக. அனிலின் மாதிரி ஓர் அமீனை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, அதில் சோடியம் நைட்ரைட் கரைசலை விட்டால் டயசோனியம் உப்பு உண்டாகும். அதை நாப்தால் மாதிரி இன்னொன்றோடு சேர்த்தால் (இதைக் கப்ளிங் என்போம்) மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்போ கறுப்போ வந்துவிடும். உலகத்தில் விற்கும் சாயங்களில் பாதிக்கு மேல் இந்த அசோ வகைதான். சிக்கல் என்னவென்றால் டயசோனியம் உப்புக்குப் பொறுமை கிடையாது. கொஞ்சம் சூடு ஏறினால் நைட்ரஜனைக் கழற்றிவிட்டு ஃபீனாலாக மாறும், அந்த ஃபீனால் மிச்சமிருக்கும் டயசோனியத்தோடு சேர்ந்து தார் மாதிரி கசடு கட்டும், உலர்ந்துபோனால் சில வகைகள் வெடிக்கவே செய்யும். அதனால்தான் 0 முதல் 5 டிகிரிக்குள் வை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 5,000 லிட்டர் தொட்டியில் வினை வெளியிடும் வெப்பத்தை ஜாக்கெட் சுவர் வழியாக மட்டும் எடுப்பதென்றால் விடிந்துவிடும். ஆகவே ஐஸை உள்ளேயே போடு, நைட்ரைட்டை மெல்ல மெல்ல மணிக்கணக்கில் விடு. ஆபரேட்டர் அவ்வப்போது ஒரு கண்ணாடிக் கம்பியை உள்ளே விட்டு எடுத்து, ஸ்டார்ச் அயோடைடு பேப்பரில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். பட்டவுடன் நீலக்கறுப்பாக மாறினால் நைட்ரைட் போதும் என்று அர்த்தம். கூடிப்போனால் சல்ஃபாமிக் அமிலம் போட்டு அடக்க வேண்டும்.

சரி, ஐஸ் என்ன செய்கிறது? ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உருகிய பிறகு அது எங்கேயும் போய்விடுவதில்லை. ஒரு லிட்டர் தண்ணீராக, உப்பும் நிறமும் சேர்ந்து, கழிவுநீரோடு கழிவுநீராக ஈடிபிக்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு) போகிறது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்ற ஜீரோ டிஸ்சார்ஜ் நிபந்தனை உள்ள ஆலை என்றால் கடைசியில் அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும், அதற்குக் கிலோவுக்கு 2,257 கிலோஜூல். மல்டிபிள் எஃபெக்ட் எவாப்பரேட்டர் வைத்து அதே நீராவியை நான்கு சுற்று திரும்பப் பயன்படுத்தினால்கூட ஐஸ் வாங்கிக்கொண்ட வெப்பத்தைவிட அதிகம் செலவாகிறது. ஐஸ் செய்ய ஆன மின்சாரம் தனி. இந்தக் கணக்கை ஒரு முறை தாளில் போட்டுப் பார்த்தவர்களுக்கு ஐஸ் டெம்போ வரும்போது ஒரு மாதிரி இருக்கும், எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

பேட்ச் முறையில், அதாவது தொட்டியில் ஒவ்வொரு தடவையும் மொத்தமாகப் போட்டுச் செய்யும்போது, வரும் கழிவில் பெரிய பங்கு வினையிலிருந்து வருவதே கிடையாது, வினை கைமீறிவிடுமோ என்ற பயத்திலிருந்து வருகிறது. சூடு ஏறிவிடும் என்ற பயத்தில் ஐஸ். இன்னும் பயமாக இருந்தால் நீர்க்க வை, அதாவது தேவைக்கு மேல் மூன்று மடங்கு நான்கு மடங்கு சால்வென்ட் (கரைப்பான்) ஊற்று, அது வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும். வினை பாதியில் நிற்குமோ என்ற பயத்தில் ஒரு பொருளை அளவுக்கு மீறிப் போடு, பிறகு அந்த மிச்சத்தைக் கழுவி எடு. இடைப்பொருள் கெட்டுவிடுமோ என்று அதைப் பிரித்து, வடிகட்டி, கழுவி, உலர்த்தி டிரம்மில் அடைத்து வை, அடுத்த வாரம் திரும்பக் கரை. ரோஜர் ஷெல்டன் 1992இல் ஒரு கிலோ பொருளுக்கு எத்தனை கிலோ கழிவு என்று ஒரு எண் சொன்னார், ஈ ஃபாக்டர் என்று பெயர். மொத்தமாகச் செய்யும் அடிப்படை ரசாயனங்களுக்கு அது 1க்கும் கீழிருந்து 5 வரை. ஃபைன் கெமிக்கல்ஸ் எனப்படும் நம் வகைக்கு 5 முதல் 50. மருந்துகளுக்கு 25 முதல் 100, சில சமயம் அதற்கும் மேல். மருந்துக்கு நிறைய படிகள், தூய்மை அதிகம் வேண்டும், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அந்த எண்ணுக்குள் பயத்தின் பங்கு எவ்வளவு என்று யாராவது பிரித்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

ஃப்ளோ கெமிஸ்ட்ரி என்பது இந்தப் பயத்தைக் குறைக்கிற வழி. அண்டாவில் மொத்தமாகப் போட்டுக் கிண்டுவதற்குப் பதிலாக, இரண்டு பம்ப் வைத்து இரண்டு கரைசலையும் ஒரு மெல்லிய குழாய்க்குள் சந்திக்கவிட்டு, போகிற வழியிலேயே வினையை முடித்து, மறுமுனையில் பொருளாக வாங்குவது. தொடர்ச்சியாக ஓட்டுவது ஒன்றும் புதிதில்லை, 1913இல் ஜெர்மனியின் ஒப்பாவில் அம்மோனியா தொழிற்சாலை ஓட ஆரம்பித்ததே அப்படித்தான், சல்ஃபியூரிக் அமிலமும் பெட்ரோலியச் சுத்திகரிப்பும் அப்படித்தான். சாயமும் மருந்தும் பூச்சிக்கொல்லியும் மட்டும் அண்டாவிலேயே தங்கிவிட்டன. அளவு குறைவு, இன்றைக்கு ஒரு பொருள் நாளைக்கு வேறு பொருள், ஒரே ரியாக்டரில் எதையும் செய்யலாம் என்ற வசதி.

குழாயில் என்ன மாறுகிறது? சுவர். 5,000 லிட்டர் தொட்டியில் ஒரு கன மீட்டர் திரவத்துக்கு வெப்பம் கடத்தும் சுவர் சுமார் 3 சதுர மீட்டர்தான் கிடைக்கும். லேபில் நாம் பயன்படுத்தும் சின்னக் குடுவையில் அது 100 சதுர மீட்டர் பக்கம். ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் 4,000. லேபில் ஒழுங்காக வந்த வினை தொட்டியில் ஏன் கோபித்துக்கொள்கிறது என்பதற்கு இந்த மூன்று எண்கள் போதும். குழாயில் வெப்பம் உண்டாகிற வேகத்திலேயே வெளியே போய்விடுகிறது, ஆகவே ஐஸ் தேவையில்லை. அதைவிட முக்கியம், காத்திருப்பு இல்லை. தொட்டியில் காலை எட்டு மணிக்கு உண்டான டயசோனியம், நைட்ரைட் விட்டு முடிக்கும் மதியம் வரை அங்கேயே கிடக்கிறது, அதனால்தான் அதைக் குளிரில் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. குழாயில் அது சில பத்து விநாடிகளில் கப்ளிங்குக்குப் போய்விடும். அவ்வளவு சீக்கிரம் போய்விடுகிற பொருளை எதற்கு ஐந்து டிகிரியில் வைக்க வேண்டும்? பல அமீன்களை அறை வெப்பநிலையிலேயே, சிலவற்றை அதற்கும் மேலேயே ஓட்டலாம்.

தொட்டி பெரிதானால் என்ன ஆகும் என்பதற்குச் சாயத் தொழிலிலேயே ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் மார்ட்டன் இன்டர்நேஷனல் ஆலை, 1998 ஏப்ரல் 8. யெல்லோ 96 என்ற மஞ்சள் சாயம் செய்துகொண்டிருந்த கெட்டில் (ரியாக்டர் தொட்டி) வெடித்து ஒன்பது பேர் காயம்பட்டார்கள். இரண்டு மூலப்பொருளையும் மொத்தமாக ஒரே நேரத்தில் போட்டு, நீராவி விட்டுச் சூடேற்றி, பிறகு சரியான தருணத்தில் குளிர்நீருக்கு மாற்றுவதுதான் அங்கே முறை. முதலில் 1,000 கேலன் கெட்டிலில் செய்தார்கள், பிறகு 2,000 கேலனுக்குப் போனார்கள், போன பிறகு பல பேட்ச்களில் வெப்பநிலை எல்லையைத் தாண்டியிருந்தது, பேட்ச் ஷீட்டிலேயே பதிவாகியிருந்தது, ஆனால் அதை யாரும் தோண்டிப் பார்க்கவில்லை. விபத்தை ஆராய்ந்த அமெரிக்க கெமிக்கல் சேஃப்டி போர்டின் அறிக்கையைச் சாய ஆலையில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு தடவையாவது படிக்க வேண்டும். அதில் ஃப்ளோ பற்றிப் பெரிய பேச்செல்லாம் இல்லை, கொள்ளளவை இரட்டிப்பாக்கினால் சுவர் இரட்டிப்பாவதில்லை என்ற பழைய பாடம்தான்.

பயத்தைக் குறைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் ஜுனிச்சி யோஷிடா செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஆர்கனோலித்தியம் (கார்பனோடு லித்தியம் சேர்ந்த, எதையும் கடிக்கும் பொருள்) வினைகளைப் பொதுவாக மைனஸ் 78 டிகிரியில் செய்வோம், தொழிற்சாலையில் அதற்கென்று திரவ நைட்ரஜன் வாங்கிச் செலவழிப்போம். கீட்டோன் மாதிரி தொகுதி ஒன்று அதே மூலக்கூறில் இருந்தால் லித்தியம் அதையும் கடித்துவிடும் என்று முதலில் அதற்கு ஒரு மூடி போட்டு, வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றுவோம். போடுவதற்கு ஒரு படி, கழற்றுவதற்கு ஒரு படி, இரண்டுக்கும் சால்வென்ட், இரண்டுக்கும் கழிவு. யோஷிடா குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில் லித்தியம் சேர்ந்த மூலக்கூறைக் குழாய்க்குள் வெறும் 0.003 விநாடி மட்டும் வைத்திருந்து அடுத்த வினைக்குள் தள்ளினார்கள். கீட்டோனைக் கடிக்க அதற்கு நேரமே இல்லை. மூடி தேவையில்லை, இரண்டு படி மிச்சம். எனக்குப் பிடித்த பசுமை வேதியியல் இதுதான்: புது வினையூக்கி எதுவும் கண்டுபிடிக்காமல் கடிகாரத்தை மட்டும் மாற்றியது.

இதற்குப் பிறகு போபால் பேச்சு வராமல் இருக்காது. 1984 டிசம்பர் 2 இரவு தண்ணீர் புகுந்த தொட்டியில் சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் இருந்தது. அது விற்கிற பொருளே இல்லை, கார்பரில் என்ற பூச்சிக்கொல்லி செய்வதற்கான இடைப்பொருள். செய்த கையோடு அடுத்த வினைக்கு அனுப்பியிருக்கலாம், சேமித்து வைத்தது வசதிக்காக. போபாலுக்குப் பிறகு டூபாண்ட் டெக்சாஸின் லா போர்ட் ஆலையில் அதையே வேறு வழியில், மெத்தில் ஃபார்மமைடைக் காற்றால் ஆக்சிஜனேற்றி, உண்டான உடனே பயன்படுத்திக்கொள்ளும்படி அமைத்தது. எந்த நேரத்தில் பார்த்தாலும் ஆலைக்குள் கொஞ்சம்தான் இருந்தது. நம்மிடம் இல்லாதது கசியாது என்று பிரிட்டன் பாதுகாப்பு நிபுணர் ட்ரெவர் கிளெட்ஸ் போபாலுக்குச் சில வருடம் முன்பே சொல்லியிருந்தார். அவரை அப்படிச் சொல்ல வைத்ததில் 1974இல் இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோவில் 28 பேர் இறந்த வெடிப்புக்குப் பங்கு உண்டு.

ஃப்ளோ விற்க வருகிறவர்கள் ஃப்ளிக்ஸ்பரோவைச் சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அது தொடர் முறை ஆலை. ஆறு ரியாக்டர் வரிசையாக, சைக்ளோஹெக்சேன் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுற்றில் கொஞ்சம்தான் வினையாகும், மிச்சம் திரும்பத் திரும்பச் சுற்றும், அதனால் டன் கணக்கில் சூடான சைக்ளோஹெக்சேன் எப்போதும் உள்ளேயே இருந்தது. தொடர்ச்சி மட்டும் காப்பாற்றாது, உள்ளே இருக்கும் இருப்பு குறைய வேண்டும். லா போர்ட்டிலும் 2014இல் நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள், அதே பூச்சிக்கொல்லிப் பிரிவில், ஐசோசயனேட்டால் அல்ல, மெத்தில் மெர்கேப்டன் கசிந்து. ஒரு பொருளின் இருப்பைக் குறைத்தது பக்கத்துப் பொருளைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

இனி குறைகளுக்கு வருகிறேன், குழாயில் கை வைத்தவர்கள் எல்லோரும் முதலில் புலம்புவது ஒன்றைப் பற்றித்தான், அடைப்பு. பல அமீன்களின் ஹைட்ரோகுளோரைடு உப்பு குளிரில் கரையாது, வெள்ளைக் குழம்பாக நிற்கும். தொட்டியில் அது ஒரு பொருட்டே இல்லை, கிண்டிக்கொண்டே இருந்தால் கரைந்து வினையாகிவிடும். பிஎஃப்ஏ (டெஃப்லான் வகை பிளாஸ்டிக்) குழாயில் விட்டுப் பாருங்கள். முதலில் நன்றாகத்தான் போகும், ஒளி ஊடுருவும் குழாய் என்பதால் நைட்ரஜன் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதுகூடத் தெரியும், பார்க்க அழகாக இருக்கும். அப்புறம் ஏதோ ஒரு வளைவில் கொஞ்சம் வெள்ளையாகப் படியும், பிரஷர் காட்டும் முள் மெல்ல ஏறும், பம்ப் சத்தம் மாறும், நிறுத்துவதற்குள் இணைப்பு ஒன்று கழன்று மேசை முழுக்க மஞ்சள். சிலர் குழாய்ச் சுருளை அல்ட்ராசோனிக் பாத்துக்குள் போட்டு ஓட்டுகிறார்கள், ஓரளவு வேலை செய்கிறது. பலர் செய்வது வேறு: எல்லாம் கரைந்தே இருக்கட்டும் என்று இன்னும் தண்ணீரோ சால்வென்ட்டோ ஊற்றி நீர்க்க வைப்பது. ஐஸை மிச்சம் பிடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் ஈடிபிக்கு என்ன லாபம்? ஃப்ளோ என்ற பெயரில் வரும் சில கட்டுரைகளில் கரைசலின் செறிவு என்ன என்று தேடிப் பாருங்கள், 0.1 மோலார் என்று, அதாவது ரொம்ப நீர்த்ததாக, ஓரத்தில் இருக்கும். தொட்டியில் அதைவிட அடர்த்தியாகவே ஓட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்னொன்று உப்பு. ஒரு மோல் டயசோனியம் செய்தால் ஒரு மோல் சோடியம் குளோரைடு வந்தே தீரும், அது சமன்பாட்டிலேயே இருக்கிறது, குழாயில் செய்தாலும் தங்கக் கிண்ணத்தில் செய்தாலும் வரும். அமிலத்தை வழக்கம்போல் இரண்டரை மூன்று மடங்கு போட்டுவிட்டுப் பிறகு சோடா ஆஷ் போட்டு நடுநிலையாக்கினால் இன்னும் உப்பு. சாயத்தைக் கரைசலிலிருந்து வெளியே தள்ள மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டும் பழக்கத்தால் இன்னும். பயத்தால் வந்த கழிவைத்தான் குழாய் குறைக்கும், சமன்பாட்டில் உள்ள கழிவைத் தொடாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் கழிவு பாதியாகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடம் எந்தப் பாதி என்று கேளுங்கள்.

மருந்துத் துறையில் நிலைமை கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. 2017இல் எலி லில்லி, அயர்லாந்தின் கின்சேலில் பிரெக்சாசெர்டிப் என்ற புற்றுநோய் மருந்துப் பொருளை 24 கிலோ, ஃப்யூம் ஹுட்டுக்குள் அடங்கும் கருவிகளிலேயே தொடர்ச்சியாகச் செய்து காட்டியது. மருந்து விதிகளைப் பல நாடுகளுக்குப் பொதுவாக வகுக்கும் ஐசிஎச் அமைப்பின், தொடர் உற்பத்திக்கான க்யூ13 வழிகாட்டுதலும் 2022இல் வந்துவிட்டது, ஆகவே குழாயில் பேட்ச் என்றால் எது என்று ஆடிட்டர் கேட்பார் என்ற பழைய சாக்கு இனி எடுபடாது. சாயத்தில் கிளாரியண்ட் 2000களின் தொடக்கத்திலேயே அசோ நிறமிகளை மைக்ரோரியாக்டரில் கப்ளிங் செய்து பார்த்தது. துகள்கள் சின்னதாக, ஒரே சீராக வந்ததால் நிறத்தில் பளபளப்பு கூடியது. வாங்குகிற ஆள் இதற்கு மட்டும்தான் காசு கொடுப்பார், சுற்றுச்சூழலுக்குத் தனியாகக் கொடுக்க மாட்டார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகத்தில் (என்சிஎல்) அமோல் குல்கர்னியின் குழு இந்த வேலையை ரொம்ப வருடமாகச் செய்து வருகிறது, அவருக்கு 2020இல் பட்நாகர் விருது கிடைத்தது.

ஆனால் வாபியில் ஐஸ் டெம்போ நின்றுவிடவில்லை. ஐஸ் மலிவு, தொட்டி ஏற்கெனவே இருக்கிறது, அதன் விலை என்றைக்கோ தேய்ந்து முடிந்தது, ஈடிபி செலவு தனிக் கணக்கில் போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் மாசுக் குறியீடு போட்டபோது நாட்டிலேயே முதலிடம் அங்கலேஷ்வர், இரண்டாமிடம் வாபி. கடுமையாக மாசுபட்ட பட்டியலில் நம் கடலூரும் இருந்தது. அதற்குப் பிறகுதான் ஈடிபிக்கு உண்மையிலேயே விலை வர ஆரம்பித்தது. ஐஸுக்கான காசையும் அதே ஐஸ் தண்ணீராகிப் போகும்போது ஆகும் காசையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுகிற அக்கவுண்டன்ட் ஒருவர் இருந்தால் போதும், வேதியியல் பேசி முதலாளியை மசியவைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

சின்ன ஆலை வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டால் நான் சொல்வது இவ்வளவுதான். எல்லாவற்றையும் குழாய்க்கு மாற்ற வேண்டாம். டயசோடைசேஷனை மட்டும் மாற்றுங்கள், குழாயின் வெளிவாயைப் பழைய கப்ளிங் தொட்டிக்குள்ளேயே விடுங்கள், கப்ளிங்கில் திடப்பொருள் வரும், அது தொட்டியிலேயே வரட்டும், பழைய ஃபில்டர் பிரஸ் போதும். காசை மினுமினுப்பான ரியாக்டரில் போடாமல் பம்பில் போடுங்கள். ஸ்டார்ச் பேப்பரை வைத்துக்கொண்டு ஆபரேட்டர் கண்ணால் செய்த வேலையை இனி பம்பின் துல்லியம்தான் செய்யப்போகிறது, விகிதம் கொஞ்சம் தவறினாலும் வினையாகாத அமீனோ மிச்ச நைட்ரைட்டோ நேராகச் சாயத்துக்குள் போய்விடும். வெளிவாயில் ஒரு ரெடாக்ஸ் புரோப் (மிச்ச நைட்ரைட்டைக் காட்டும் மின்முனை) வையுங்கள், ஸ்டார்ச் பேப்பரையும் தூக்கிப் போட வேண்டாம். இதெல்லாம் செய்வதற்கு முன்னால், உங்கள் அமீனை நீங்கள் ஓட்டப்போகும் செறிவில், ஓட்டப்போகும் வெப்பநிலையில் அமிலத்தில் கலந்து ஒரு பீக்கரில் இரவு முழுக்க வைத்துவிட்டுக் காலையில் வந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் சுருள் குழாய் வாங்காதீர்கள், கிண்டும் துடுப்போடு கூடிய சின்னச் சின்னக் கலன்கள் மூன்று நான்கை வரிசையாக வைத்து ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழியவிடும் ஏற்பாட்டுக்கு விலை கேளுங்கள்.